பண்டாத் தீவுக்கு இரண்டு பேர்

ஞாயிறு எட்டரை மணிப் பூசை முடிந்து ஃபாதர் பீடத்தைவிட்டு இறங்குவதற்குள் லூர்துராணி செருப்பை மாட்டியிருப்பார். மேலப்புதூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நீல நிற ஃபைலைத் திறந்துவிடுவார். கிடைக்காவிட்டால் அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே வருவார். உள்ளே ஒரு கடல் வரைபடம், படகுகள் கிளம்பும் நேரம், எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கும் என்று பச்சை மையில் எழுதிய தாள்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தாலும் அவர் ஆற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வயது ஐம்பத்து நான்கு. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மன்னார்புரத்தில் தனியாக இருக்கிறார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம், "அது அப்படியே போயிருச்சுங்க" என்பார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதுபோல. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக்கொண்டே கடலை மிட்டாய் கடிப்பார். தன் பேனாவை யாருக்கும் இரவல் தரமாட்டார். ஐம்பத்திரண்டாம் வயதில் நீச்சல் கற்றுக்கொண்டார்.

நீச்சலுக்குக் காரணம் சுபஸ்ரீ. அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாகப் பக்கத்து மேஜை. ஸ்ரீரங்கத்துக்காரர், கணவரை இழந்தவர், ஓயாமல் பேசுகிறவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினார். இந்தோனேஷியாவில் பண்டா என்றொரு தீவுக்கூட்டம். நடுவில் எரிமலை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அது வெடித்து, குழம்பு கடலில் இறங்கிய இடத்தில் இப்போது மேஜைபோல் விரிந்த பவளம்.

"எரிஞ்சுபோன எடத்துலதான் இவ்வளவு நன்னா வளர்ந்திருக்காம், லூர்து. உள்ள முழுகிப் பாக்கணும்டி, ரெண்டு பேரும்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் பெண்கள் நேரத்தில் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். பிறகு லீவு போட்டுப் புதுச்சேரியில் நான்கு நாள் ஸ்கூபா பயிற்சி. முதுகில் காற்று உருளை, வாயில் குழாய். தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது என்பது அங்கே முதல் சட்டம். திரும்பி வந்ததிலிருந்து அலுவலகக் கூட்டங்களில் மேனேஜர் பேசிக்கொண்டே போனால், எதிர் வரிசையிலிருந்து சுபஸ்ரீ 'காற்று எவ்வளவு மிச்சம்?' என்று ஜாடையில் கேட்பார். லூர்துராணி சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்ப்பார். தீவில் மீனைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் தன் பொறுப்பு என்று சுபஸ்ரீ ஏற்றுக்கொண்டார்.

தீவிலிருந்த முக்குளிப்பு நிறுவனம் உடல்நலப் படிவம் ஒன்று அனுப்பியது. ரத்த அழுத்தம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. சுபஸ்ரீக்கு உண்டு. ஆமாம் என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால் அவ்வளவுதான். சுபஸ்ரீ கை நீட்டினார். லூர்துராணி தன் பேனாவைக் கொடுத்தார். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. போனால் டாக்டர் தடுத்துவிடுவார் என்று சுபஸ்ரீ மாதாமாதம் செய்யும் சோதனையைத் தள்ளிப்போட்டார். மாத்திரை தீர்ந்தும் வாங்கவில்லை. லூர்துராணி இரண்டு தடவை கேட்டார். "வாங்கிக்கறேண்டி" என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை கேட்கவில்லை. கேட்டு வற்புறுத்தினால் பயணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

புறப்பட ஐந்து வாரம் இருக்கையில் சுபஸ்ரீ குளியலறையில் விழுந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. இருந்த வார்த்தைகளில் 'அப்புறம்' ஒன்றுதான் தங்கியது. தண்ணீர் வேண்டுமானாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் லூர்துராணி அந்த ஃபைலோடு அம்மா மண்டபம் சாலையிலுள்ள சுபஸ்ரீ வீட்டுக்குப் போனார். இனி ஒருநாளும் கடலுக்குள் இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பயணத்தை அடுத்த அக்டோபருக்குத் தள்ளிவைத்தவர்போலக் கட்டிலோரம் உட்கார்ந்து வாசிப்பார். "அக்டோபர்ல காத்து அடங்கிரும், சுபா. அம்போன் ஏர்போர்ட்ல இறங்கி ஆறு மணி நேரம் படகு."

"அப்புறம்" என்பார் சுபஸ்ரீ. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு லூர்துராணி அடுத்த தாளைப் புரட்டுவார். இப்படியே பதினோரு மாதம்.

போன மாதம் ஒரு ஞாயிறு 'அப்புறம்' வரவில்லை. சுபஸ்ரீ இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தினார்.

"பாத்தேளா ஆன்ட்டி, அம்மா சூப்பர்ங்கறா" என்றான் மகன் ஸ்ரீவத்சன், சந்தோஷமாக.

"ஆமாப்பா" என்றார் லூர்துராணி.

ஆனால் கடலுக்கடியில் அந்த விரலுக்கு அர்த்தம் வேறு. போதும், முடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே போகலாம் என்பது அது. ஜோடி காரணம் கேட்கக்கூடாது. தானும் அதே விரலைக் காட்டி, புரிந்தது என்று சொல்ல வேண்டும். லூர்துராணி காட்டவில்லை; காட்டினால் பண்டாப் பயணம் அதோடு முடிந்தது. ஃபைலை மூடிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் படிவத்தையும் மாத்திரையையும் பற்றிச் சொன்னார். ஃபாதர் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தார். நெஞ்சுக்குள் இருந்தது அப்படியே இருந்தது.

மறுநாள் ஸ்ரீவத்சன் காபி போட உள்ளே போனபோது கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃபைலைத் திறக்கவில்லை.

"சுபா, நீ மாத்திரை வாங்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்காம விட்டுட்டேன். எங்க நீ வராம போயிருவியோன்னு."

சுபஸ்ரீ தலையை அவர் பக்கம் திருப்பினார். முகத்தில் அசையக்கூடிய பாதி மட்டும் அசைந்தது. பிறகு இடது கை மெல்ல எழுந்தது. அதே விரல்.

லூர்துராணி இம்முறை தன் விரலையும் உயர்த்தினார். அந்தக் கை இறங்கும்வரை தன் கையையும் இறக்கவில்லை.

சுபஸ்ரீயின் கண்ணிலிருந்து வழிந்த நீர் கண்ணாடியின் அடி விளிம்பில் தேங்கி நின்றது. லூர்துராணி அதைக் கழற்றி, முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து, காதோர நரையை விலக்கிவிட்டு மறுபடியும் மாட்டிவிட்டார்.