உடைந்தது எங்கள் பங்கு

எங்கள் வீட்டில் அப்பத்துக்கு ஒரு பங்கீடு இருந்தது. வட்டமாக, விரிசல் விடாமல், ஓரம் கருகாமல் வந்தது கர்த்தருக்கு. கோணியதும் வெடித்ததும் எனக்கு.

தீவில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் எங்கள் வீடு. படகேறிக் கடந்தால் வரும் அக்கரையில், டெய்ரி ஃபார்ம் என்ற இடத்தில், ஒரு வீட்டு ஹாலில் கூடும் எங்கள் சின்ன சபையின் திருவிருந்துக்கு வாராவாரம் அப்பம் சுட்டுக் கொண்டுபோகும் பொறுப்பு அம்மாவுடையது. மேசையில் ஒரே ஒரு முழு அப்பம்தான் வைப்பார்கள். ஜெபித்து, பிட்டு, தட்டில் வைத்துப் பெரியவர்களுக்கு மட்டும் வரிசையாகக் கொடுப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மைதா பிசைய உட்கார்ந்தால் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். ஒன்று சுடுவாள், திருப்பிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், ஒதுக்கி வைப்பாள். நான் சர்க்கரை டப்பாவோடு பக்கத்தில் தயாராக நிற்பேன். இந்த அப்பமும் அவளுக்குப் பிடிக்காமல் போகவேண்டும் என்பதுதான் அந்த வயதில் நான் மனமுருகிச் செய்த ஒரே ஜெபம்.

அம்மாவுக்கு எல்லாவற்றிலும் இப்படித்தான். என் சடையில் ஒரு முடி பிசிறினால் முழுசையும் அவிழ்த்துப் பின்னுவாள். ஹோம்வொர்க்கில் ஓர் எழுத்தை அடித்திருந்தால் அந்தப் பக்கமே போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா மட்டும், "இவ மோட்சத்துக்குப் போனாலும் வாசக்கதவ ஒரு தடவ தொடச்சிட்டுத்தான் உள்ள போவா" என்பார்.

இத்தனை பாடுபட்டுச் சுடுகிறவள், சபையில் அந்த அப்பத்தை ஒரு நாளும் எடுக்கமாட்டாள். தட்டு அவளிடம் வரும். அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடுவாள். படகில் திரும்பும்போது அப்பா, "இன்னைக்கும் எடுக்கலியா?" என்று கேட்பார்.

"எப்படி எடுக்க? இந்த வாரமும் பிள்ளைய ஏசிட்டேன். ஜெபமும் ஒழுங்கா பண்ணல. எல்லாம் சரியாகட்டும், அடுத்த வாரம் எடுக்கேன்."

அடுத்த வாரமும் நான் ஏச்சு வாங்காமல் இருந்ததில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகவும் படவில்லை. வீட்டிலும் சமைத்தவள் கடைசியில்தானே சாப்பிடுகிறாள், சபையிலும் அப்படித்தான் போல என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் கப்பல் பிந்திவிட்டது. எந்தக் கடையிலும் மைதா இல்லை. டப்பாவைத் தட்டித் துழாவியதில் ஓர் அப்பத்துக்குத்தான் மாவு தேறியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டாள். அச்சில் வார்த்தது மாதிரி வந்தது. எனக்கு வயிறெரிந்தது, அந்த வாரம் என் பங்கு பூஜ்யம்.

மறுநாள் காலைப் படகில் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கரையின் சாத்தாம் ஜெட்டியில் அணையும்போது படகு ஒரு குலுக்கு குலுக்கியது. எதிரே நின்றவர் தோளில் இருந்த தேங்காய்ச் சாக்கோடு அம்மா மடியில் வந்து விழுந்தார். "மாஃப் கர்னா தீதி" என்று மன்னிப்புக் கேட்டுப் பதறி எழுந்தார்.

அம்மா கரையில் இறங்கி, ஓரமாக நின்று துணியைப் பிரித்தாள். அப்பம் நடுவில் இரண்டாகப் போயிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வாயில் எச்சில் ஊறியதும் உண்மைதான்.

"கடையில ஒரு பன்னு வாங்கிக்கிடலாமா?" என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் ஓரடி பின்னால் போனார். "இல்ல, அங்க எப்படியும் பிட்கத்தான போறாங்க?"

"அது வேற, இது வேற. நான் வரல. இதே போட்டுல திரும்பிப் போறேன்."

"அப்ப சபைக்கு?"

திரும்பிப் போகும் படகில் ஸ்கூட்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள், பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். படகுக்காரர், "ஆனா ஹை தோ ஜல்தி ஆவோ" என்று, வருவதானால் சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. துணியை மூடி முடிச்சை இறுக்கினாள்.

"முழுசா இருந்தாத்தான் வருவேன்னா, நான் சாகுற வரைக்கும் வர முடியாது. முழுசா வான்னா சொன்னாரு கர்த்தர்? வான்னுதான சொன்னாரு." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "சலோ" என்றாள். பஸ் நிற்கும் இடம்வரை அவள் நடந்த வேகத்துக்கு அப்பாவும் நானும் ஓடவேண்டியிருந்தது.

மேசையில் அந்த இரண்டு துண்டுகளையும் அவளே கொண்டுபோய் வைத்தாள். உடைப்பை மறைக்கவில்லை. ஜெபித்தவர் ஒரு கணம் பார்த்தார். அப்படியே எடுத்துப் பிட்டார். சின்ன ஹால் என்பதால் குடும்பம் குடும்பமாகத்தான் உட்காருவோம். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில். தட்டு அம்மாவிடம் வந்தது. வழக்கம்போல நகரும் என்று பார்த்தால் நகரவில்லை. அம்மா ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. உடைந்துபோனதால் அப்பம் எங்கள் பங்குக்கு வந்துவிட்டது. அதனால்தான் அம்மா எடுத்துத் தின்கிறாள். நானும் உரிமையோடு கையை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு துண்டு அப்பத்துக்கு இவர்கள் ஏன் இத்தனை அமர்க்களம் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். அத்தனை ஞாயிறுகளிலும் அம்மா பசியோடுதான் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.