விடிவெள்ளியின் முப்பத்தொரு பேர்

செலஸ்டினுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. இருபது வருடங்களுக்கு மேலாக, சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வட்டாரத்தில்தான். எந்த அடுக்குமாடிப் புளோக்கில் எந்த லிப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று கேட்டால், ஜாதகம் பார்த்தவன் மாதிரி சொல்லுவான். அப்படிப்பட்டவன் ஒரு பேய்க்கப்பலைக் கட்டப் போகிறான், அதுவும் சனிக்கிரகத்துக்கு அப்பால் ஓடுகிற கப்பல் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவனே வந்து சொன்னபோதும் சிரிக்கத்தான் செய்தேன்.

நான் ஜெரார்ட். டாக்சி ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். குரல் மட்டும் நல்ல குரல் என்று கோயிலில் வாசகம் படிக்க விட்டிருக்கிறார்கள். ஞாயிறு மாலை தமிழ்ப் பூசைக்கு செலஸ்டினையும் அவன் அம்மா பிரிஜட் ஆன்ட்டியையும் என் வண்டியில்தான் கூட்டிப்போவேன். ஆங் மோ கியோவிலிருந்து தேக்கா பக்கம் இருக்கிற எங்கள் கோயிலுக்கு இருபது நிமிடம். அவன் முன்னால் என் பக்கத்தில் உட்காருவான். ஆன்ட்டி பின்னால் ஜெபமாலையோடு உட்காருவார். அந்த இருபது நிமிடங்களில்தான் கப்பல் கட்டப்பட்டது. சொன்னதை வீட்டுக்குப் போய்க் கதையாக எழுதி வைப்பான்.

"கப்பல் பேரு விடிவெள்ளிண்ணே. சனிக்கிரகத்து வளையத்துல ஐஸ் வெட்டி ஏத்திட்டு வர்ற கப்பல். மொத்தம் முப்பத்தொரு பேர். ஒரு நாள் எல்லாரும் தூங்கிட்டு இருக்கும்போது காத்து நின்னு போச்சு. ஒருத்தரும் முழிக்கல."

"சரி, பேய் எப்ப வருது?"

"அவசரப்படாதீங்க லா. கப்பலுக்கு ஒண்ணும் ஆகல. இருநூறு வருஷமா அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. தினம் காலையில ஒவ்வொரு பேரா கூப்பிடும். கூப்பிட்டு, அந்த ஆள் இருக்கிற தளத்துக்கு லிப்டை அனுப்பும். கதவு திறக்கும். ஒம்பது செகண்ட் நிக்கும். யாரும் ஏற மாட்டாங்க. கதவு மூடும். அடுத்த பேர்."

"அப்ப பேய் எங்கடா?"

"கப்பல்தாண்ணே பேய். செத்தவங்க போயிட்டாங்க. அதுக்குத்தான் அது தெரியல."

 கிண்டல் பண்ண வாயைத் திறந்தவன், அந்த முப்பத்தொரு பேரும் யார் யார் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் இது அடிக்கடி நடப்பதில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக விடிவெள்ளியில் ஏறிக்கொண்டார்கள். கேப்டன் அங்கமுத்து, கோபம் வந்தால் விசிலடிப்பவர். ஐஸ் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் ஃபஸீலா. சமையல்காரர் துரைசாமி, அவர் போடும் கோப்பியைக் கப்பலில் யாராலும் வாயில் வைக்க முடியாது. மருத்துவர் ஆஸ்மா. வேலைக்கு வந்து நாற்பதே நாளான அனுப்ரியா. பெயரையெல்லாம் செலஸ்டின் தான் வேலை பார்க்கும் புளோக்குகளில் கேட்டு எடுத்துக்கொண்டான். ஒரு நாள் தோ பாயோவில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு லிப்டில் இறங்கினேன். ஏழாவது மாடியில் கதவு திறந்தது. யாரும் இல்லை. நியாயமாக மூடுகிற பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. துரைசாமி வருவாரோ என்று நின்றேன். அந்தக் காலியான நடைபாதை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. கதவு தானாக மூடிய பிறகுதான் மூச்சு விட்டேன். யோசித்துப் பாருங்கள், அறுபதை நெருங்குகிற மனுஷன்.

பின் சீட்டிலிருந்து ஆன்ட்டி பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அந்த செகண்ட் இன்ஜினியர், செகண்ட் இன்ஜினியர்னு சொல்றியே. அவனுக்குப் பேரு இல்லையா?"

"இன்னும் வைக்கலம்மா," என்றான் செலஸ்டின்.

ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயர் வைத்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். கோப்பிக்கடையில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். முப்பத்தோராவது ஆள் எய்டன்.

எய்டன் அவன் தம்பி. சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தவன். பதினோரு வருடங்களுக்கு முன் இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு காலை அவனுடைய அறை காலியாக இருந்தது. கப்பல் முழுவதும் தேடியும் ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் அவனுடைய பெட்டியும்தான் வீட்டுக்கு வந்தன. உடல் கிடைக்கவில்லை. அதனால் ஆன்ட்டி அவனைச் செத்தவன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எய்டன் சாவியைத் தொலைப்பதில் மன்னன். அவன் எந்த நேரம் வந்தாலும் நுழையட்டும் என்று, அன்றைக்கு ஆரம்பித்து, வீட்டின் மரக்கதவை ஆன்ட்டி மூடியதே இல்லை. இரும்புக் கேட்டுக்கு மட்டும் ஒரு கொக்கி. மழை அடித்தாலும் மரக்கதவு திறந்துதான் கிடக்கும்.

கல்லறைத் திருநாளன்று எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். பெயர் கேட்டதும் அந்த வீட்டுக்காரர் ஒருவர் போய் பீடத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார். சில வருடங்களுக்கு முன் செலஸ்டினின் சொந்தக்காரப் பெண் ஷார்லீன், நல்லதென்று நினைத்து, எய்டன் பெயரையும் எழுதிக் கொடுக்கப் போனாள். ஆன்ட்டி அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை.

"கப்பல்ல எய்டன் பேரப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சா, என்னையும் அப்படித்தாண்ணே கிழிச்சுப் போட்டுருவாங்க. எனக்கு அவங்கள விட்டா யாரு இருக்கா?" என்றான் செலஸ்டின்.

"அப்ப எதுக்குடா போட்ட?"

"எங்கயாச்சும் ஒரு இடத்துல அவன் பேரச் சொல்லணும் போல இருந்துச்சு."

 கப்பலை எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை என்றான். எத்தனை விதமாக எழுதினாலும் மறுநாள் காலை அது மறுபடியும் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறதாம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. மக்கள் எழுதிக் கொடுக்கும் பெயர்களைத் தொகுத்துத் தட்டச்சு செய்வது எப்போதும் செலஸ்டின்தான். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதற்கும் தலைப்புப் போட மாட்டான். கணினியில் கோயில் பட்டியலின் கோப்புக்கு 'பெயர்கள்' என்று பெயர். கப்பல் தினமும் கூப்பிடுகிற பட்டியலுக்கு 'பெயர்கள் 2'. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அச்செடுத்து, ஒன்றாகப் பின் அடித்து என் கையில் கொடுத்துவிட்டான்.

கோயில் நிறைந்திருந்தது. கிராஞ்சி விடுதியிலிருந்து வந்த தொழிலாளர்கள் பின்வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்று பக்கங்கள் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ எழுந்தார்கள், ஒரு வெளிச்சம் கூடியது. நான்காம் பக்கத்தைப் புரட்டினேன்.

"அங்கமுத்து."

யாரும் எழவில்லை. கோயில் பட்டியலில் இந்துப் பெயரோ முஸ்லிம் பெயரோ வருவது புதிதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் எழுதிக் கொடுத்தவர் வராமல் இருக்க மாட்டார். நான் காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு கிராஞ்சித் தொழிலாளி தயங்கித் தயங்கி நடந்து வந்தார். யாருடைய சாவோ, யாரும் வரவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, தலை குனிந்து நின்று, திரும்பிப் போனார்.

"ஃபஸீலா," என்று வாசித்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது.

செலஸ்டினைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தாளின் அடியைப் பார்த்தேன். கடைசி வரியில் எய்டன். நிறுத்திவிடலாம் என்றால், அதற்குள் ஃபஸீலாவுக்காக ஒரு பெண் எழுந்து வந்துகொண்டிருந்தாள். அவளை நடுவழியில் நிறுத்தி, அம்மா, இவள் சனிக்கிரகத்தில் செத்தவள், இவள் பிறக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா? வாசித்தேன். துரைசாமிக்கு ஒரு வயதானவர் வந்தார். ஆஸ்மாவுக்குக் கைக்குழந்தையோடு ஒரு தகப்பன். அனுப்ரியாவுக்கு, வேலைக்கு வந்து நாற்பதே நாளான அந்தப் பிள்ளைக்கு, ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுந்தார்கள்.

யார் இவர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இல்லாத மனிதர்களுக்காக இருக்கிற மனிதர்கள் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.  இருநூறு வருடமாகத் திறந்து மூடிய அந்தக் கதவில் முதல் தடவையாக ஆள் ஏறுவதைப் பார்ப்பது போல இருந்தது. நான் அந்தக் கோயிலில் எத்தனையோ வருடமாக வாசிக்கிறேன். கடவுள் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

முப்பது பெயர்கள் ஆயின. எய்டன் பெயரை நான் வாசிக்கவில்லை. தாளை மடித்தேன். செலஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைக்கை விட்டு நகரப் போனேன்.

"ஜெரார்ட்."

மூன்றாவது வரிசையில் பிரிஜட் ஆன்ட்டி எழுந்து நின்றிருந்தார். ஜெபமாலை கையில் இருந்தது. விரல் ஒரு மணியைப் பிடித்தபடி நின்றிருந்தது.

"முப்பத்தொரு பேருப்பா. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ஒரு பேர் இருக்கு. படி."

என் நல்ல குரல் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை. கரகரவென்று, "எய்டன்," என்றேன்.

ஆன்ட்டி நடந்து போனார். செலஸ்டின் கூடவே ஓடி வந்தான், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தனியாகப் போய், பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த அனுப்ரியாவின் திரியிலிருந்து நெருப்பெடுத்து, தன் பிள்ளைக்கு ஏற்றினார். வெகுநேரம் நின்றார். ஃபாதர் அவசரப்படுத்தவில்லை.

பூசை முடிந்து வண்டியில் திரும்பினோம். ஆங் மோ கியோ நெருங்கும்போது ஆன்ட்டி பின்னாலிருந்து கேட்டார்.

"உன் கப்பல் எப்படிடா நிக்கும்?"

செலஸ்டின் சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னான், "கூப்பிடுற பேருக்கு யாராச்சும் ஒருத்தர் வந்தாப் போதும்மா. அவங்களேதான் வரணும்னு இல்ல."

"ம்," என்றார் ஆன்ட்டி. 

அன்று வண்டியை நிறுத்திவிட்டு நானும் மேலே போனேன். ஒன்பதாவது மாடி. மரக்கதவு எப்போதும் போல அகலத் திறந்து கிடந்தது. ஆன்ட்டி கொக்கியை எடுத்து உள்ளே நுழைந்தார். நாங்கள் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். கிறீச்சென்று ஒரு சத்தம். பதினோரு வருடம் அசையாத கீல் வேறு எப்படிக் கத்தும்? மரக்கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நானும் செலஸ்டினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனிடம் அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. தேவைப்பட்டதே இல்லையே.  பிறகு, நாற்பத்தெட்டு வயதுக்காரன், மெல்லத் தட்டினான்.

"அம்மா, நான் வெளியே இருக்கேன்."

தாழ்ப்பாள் விலகியது. ஆன்ட்டியின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தார், ரொம்ப நாளாகப் பார்க்காதவனைப் பார்ப்பது போல.

"இருக்கிறவன் நீதானேடா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வா."