யார் மேல சந்தேகம்?

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். அது மூளைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்கிற காரியங்களுக்கு மூளை பொறுப்பில்லை. அன்று காலை கரையில் கட்டியிருந்த என் படகில் மோட்டார் இல்லை என்று பார்த்ததும் அப்படித்தான் ஆயிற்று. "போச்சு, எவனோ தூக்கினு பூட்டான்!" என்று நான் போட்ட கூச்சலில், மீன் பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குகூட ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில். இங்கே எது காணாமல் போனாலும் முதலில் ஊர்த் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் விசாரித்துச் சரிப்படாவிட்டால்தான் போலீஸ். ஐம்பது வயதாகிறது, இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பைக் என்னைவிட வேகமாகக் கிளம்பிவிட்டது.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டது ஒரே கேள்வி.

"யார் மேல சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல சார்."

"யார் மேலயும் இல்லாம நான் இன்னாய்யா எழுதறது? கரையாண்ட யாரைப் பாத்த?"

விடியும்போது படகுகளுக்குப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்திருந்தேன். ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கிற இருளர். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கிற பறிக்குள் போடுவார். பறி என்றால் பனையோலைப் பை. படகுகளின் நிழலில் இறால் ஒதுங்கும் என்பதால் தினமும் அங்கேதான் தடவுவார். பத்து வருடமாகத் தடவுகிறார். அந்தப் பத்து வருடத்தில் என் படகிலிருந்து ஒரு கயிறு காணாமல் போனதில்லை. இதையெல்லாம் சொன்னேனா? "ஒரு இருளர் இருந்தாரு சார்" என்று மட்டும் சொன்னேன். ரைட்டர் பேனாவை மூடிவிட்டார்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்தபோது, பொன்னேரி கல்லூரியில் சமூகவியல் படிக்கிற என் மகள் பரீட்சைக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். குற்றப் பதிவேட்டில் சில சாதி, இனத்தார் பெயர் மட்டும் ஏன் அதிகம் வருகிறது என்று பாடம். வறுமைதான் காரணம் என்கிறவர்கள் உண்டாம். நிலம், வேலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி வைத்ததுதான் காரணம் என்கிறவர்களும் உண்டாம். இன்னும் சிலர் வேறு சொல்கிறார்களாம். போலீஸ் எங்கே தேடுகிறதோ அங்கேதான் திருடன் கிடைப்பான். கிடைத்தவன் பெயர் ஏட்டில் ஏறும். அந்த ஏட்டைப் பார்த்து மறுபடியும் அங்கேயே போய்த் தேடுவார்கள்.

"வலைய ஒரே எடத்துல போட்டுட்டு, ஏரில வேற எங்கயுமே மீனு இல்லன்னு சொல்றாப்ல கீது" என்றேன்.

"அதேதான் நைனா. நீயே போய் எழுதிட்டு வந்துடு" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆமா, ஸ்டேஷன்ல யாரு பேரக் குடுத்த?"

"பேரெல்லாம் குடுக்கல. அந்தாளு பேரே எனக்குத் தெரியாது."

"பத்து வருஷமாப் பாக்கற. பேரு தெரியாது. ஆனா சாதி தெரிஞ்சுது, இல்ல?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி மீன் ஏலத்திலிருந்து கூடையோடு வந்தாள்.

"யோவ், உன் மோட்டாரு கோயில் மண்டபத்துல கீதுய்யா."

எங்கள் ஏரியில் வலை போடும் இடங்களுக்கு முறை உண்டு. பாடு என்போம். குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. முறை ஒருநாள் தள்ளிப்போகும். அந்த வாரம் ஒரு சாவு. சாவு வீட்டில் பந்தலோரம் உட்கார்ந்து கதை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேனே தவிர, நாளைத் தள்ளி எண்ணவில்லை. அடுத்தவர் முறையில் போய் என் வலையைப் போட்டிருக்கிறேன். அப்படி மீறுகிறவன் மோட்டாரை ஊர் கழற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் வைக்கும். அவனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனே உணர்ந்து வந்து தலைவர்முன் நிற்க வேண்டும். நான் உணர்ந்து போய் நின்றது ரைட்டர்முன்.

"ஜீப்பு வந்து கரையாண்ட எறா தடவறவர இட்டுனு பூடுச்சாம்" என்றாள் மனைவி. "சாயந்தரத்துக்குள்ள கோர்ட்டுல காட்டி ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம். அவரு பொண்டாட்டி அழுதுகினே பின்னாடி ஓடுச்சு."

இந்தமுறை பயம் நேராக மூளைக்கே வந்தது. போய்ச் சொன்னால் பொய்ப் புகார் என்று என்னை உள்ளே வைப்பார்கள். ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போனதற்கு ஊர் ஒதுக்கி வைக்கும். சும்மா இருந்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. கால் மணி நேரம் அப்படியே சும்மா இருந்து பார்த்தேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்கை எடுத்தேன். அப்படியே அனுப்பம்பட்டு வரை விட்டு, ரயிலேறிக் காணாமல் போய்விடலாமா என்றும் வழியில் ஒரு யோசனை. டிக்கெட் எடுக்கச் சட்டைப் பையைத் தடவினால் சட்டையே போடவில்லை. வீரம் பாதி அப்படித்தான் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். உள்ளே சுவரோரம் அவர். கால்சட்டையில் சேறு இன்னும் காயவில்லை. பக்கத்தில் பறி, அதற்குள் இரண்டு இறால் துள்ளிக்கொண்டிருந்தன.

"சார், மோட்டாரு கெடச்சிருச்சு. கோயில்ல கீது."

"சாமி எடுத்துனு போச்சா?" என்றார் ரைட்டர்.

"ஊரு எடுத்துச்சு சார். தப்பு என் மேல."

"எவன் மேலயோ இருக்கட்டும். இவன் ஒத்துக்கினான். போன மாசம் காணாமப் போன பம்பு செட்டையும் சேத்து ஒத்துக்கினான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஆமா சாமி. உன் மோட்டார நாந்தான் எடுத்தேன்."

மோட்டார் மண்டபத்தில் கிடக்கிறது. என் மனைவி கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் உடம்பில் ஒரு காயம் இல்லை. யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. வைக்கத் தேவையே இருந்திருக்காது. நான் பெரிய பயந்தாங்கொள்ளி என்று ஊரில் பெயர். அவர் குரலைக் கேட்டதும் என்னுடையதெல்லாம் விளையாட்டுப் பயம் என்று தெரிந்துபோயிற்று.

"நடக்காத திருட்ட ஒத்துக்கிறாரு சார். அப்ப பம்பு செட்டும் அப்டித்தான சார்?"

"எனக்கே சட்டமா? போய்யா வெளிய. குப்பத்து ஆளுங்கன்னாலே தகராறுதான். எதுக்கெடுத்தாலும் கூட்டமா வந்து ரோட்டுல குந்திக்கிறது."

தகராறு என்ற அந்த வார்த்தை காதில் ஏறியது. எங்களுக்கும் ஏட்டில் ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, இருக்கிறதை எடுத்து வீச வேண்டியதுதான்.

"ஆமா சார். ஊரே கெளம்பி வந்துனு கீது."

பச்சைப் பொய். ஊர் வருவதென்றால் என்னை உதைக்கத்தான் வந்திருக்கும். ரைட்டர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். புகார் தவறு, மோட்டாரை எடுத்தது ஊர் என்று எழுதினேன். என் கையெழுத்து கோழி நடந்த சேறு மாதிரி இருந்தது. "கூட்டினு போ" என்றார்.

குப்பத்துக்காரன் தகராறுக்காரன் என்ற பெயர் என்னைக் காப்பாற்றியது. இருளன் திருடன் என்ற பெயர் அவரை உள்ளே உட்கார வைத்தது. அவரிடம் வீசுவதற்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை.

வெளியே வந்து, "குந்துங்க, வீட்டாண்ட வுடறேன்" என்றேன். இரண்டு பேரும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தார்கள். அவர் பேரைக் கேட்க நினைத்தேன். ஸ்டேஷன் வாசலில் வைத்து அதைக் கேட்க வாய் வரவில்லை.

ஊர் எனக்கு மூன்று முறை பாடு இல்லை என்றது. தலைவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். படகு நிழலில் யாரும் இல்லை. தூரத்தில், இறால் அவ்வளவாக இல்லாத மணல் திட்டுப் பக்கம் அவர் குனிந்து தடவிக்கொண்டிருந்தார். இங்கே வாங்க என்று கையை ஆட்டினேன். அவர் நிமிர்ந்தார். பறியைப் பல்லில் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. இரண்டு கைகளையும் தண்ணீரிலிருந்து உயர்த்தி, உள்ளங்கைகளை விரித்து, ஒன்றும் எடுக்கவில்லை என்று காட்டினார்.