பொட்டு வைத்த சர்வர்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்திலிருந்து நான் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. முன்னால் பதினாறு வண்டிகள். அதற்குள் மருமகளிடமிருந்து இரண்டு போன். "மாமா, நெட் விழுந்து விழுந்து எழுந்திரிக்குது. சீக்கிரம் வாங்க, பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியிலிருந்து, அவள் கடைவீதிக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறாள். மொத்தம் நூற்று எண்பத்து நான்கு கடைகள். கேட்டால் அவள் "நூத்தைம்பதுக்கு மேல" என்பாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, கடைவீதி சார்பாக ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாடியில் கோபமாக உட்கார்ந்திருந்தார். "கார்டு மிஷின் நின்னு நின்னு வருதுங்க ஐயா. சாயங்காலக் கூட்டத்துக்குள்ள சரியாகலைன்னா நாங்க எல்லாரும் வேற கம்பெனி லைனுக்குப் போயிடுவோம்."

போனால் அவள் தொழில் அன்றோடு முடிந்தது. எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவது காதிலேயே கேட்டது.

ஓர் இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் மென்பொருள் அவளுடைய இரண்டு சர்வர்களில் ஓடுகிறது. அது நின்றால், கம்பி நன்றாக இருந்தும் எதுவும் திறக்காது. அதில் ஓர் ஓட்டை. ஏதோ ஒரு கடைக் கருவியிலிருந்து ஏடாகூடமாக அமைந்த ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், சுருண்டு விழுந்துவிடும். முதல் சர்வர் பதில் தராததால், கேட்ட கருவி அதையே இரண்டாவதிடம் கேட்கும். அதுவும் விழும்.

திருத்திய பதிப்பு ஆயுத பூஜைக்கு மறுநாளே வந்துவிட்டது. ஆனால் பூஜையில் பொட்டு வைத்த மிஷினைத் தீபாவளி முடியும்வரை பிரிப்பதில்லை என்பது இந்தக் கடைவீதி வழக்கம். அவளும் தள்ளிப்போட்டிருந்தாள்.

"இப்பவே மாத்திடுறேன்" என்றாள்.

"சீசன்ல அதுல கை வைக்காதீங்க தங்கச்சி. இருக்கிறதும் போயிடும்" என்றார் கடைக்காரர்.

"காலையிலேர்ந்து போயிட்டுத்தானே அண்ணே இருக்கு. இன்னும் போறதுக்கு என்ன இருக்கு?"

அவர் யோசித்தார். "சரி. ஆனா மாத்துறேன்னு சொல்லி ஒரு பில்கூட நிக்கக்கூடாது."

நான் திரையில் பதிவான நேரங்களைக் கழித்துப் பார்த்தேன். காலையிலிருந்து ஒன்பது தடவை விழுந்திருக்கிறது. இரண்டு வீழ்ச்சிக்கு நடுவே எப்போதும் பதினேழு நிமிடத்துக்குக் குறையவில்லை. "மாத்த எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"பத்து நிமிஷம் மாமா."

"அப்ப அடுத்த தடவை விழுந்ததும் இரண்டாவதை எழுப்பிவிட்டுட்டு, முதலாவதைத் திருத்து."

விழுந்தது. இரண்டாவதை எழுப்பினாள். கடைகள் அதில் ஓட, முதலாவதைத் திருத்தத் தொடங்கினாள். நான் கடிகாரத்தையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அது எழுந்தது. இரண்டு நிமிடம் அதிகம். கணக்கில் அவள் எப்போதும் இப்படித்தான்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன கேள்விக்காகவே காத்திருந்தோம். பதினேழு, பதினெட்டு. என்னால் உட்கார முடியவில்லை. திரையில் ஒரு வரி ஓடியது. மருமகள் விரலை வைத்துக் காட்டினாள். "வந்துடுச்சு மாமா. தப்பான கேள்வின்னு திருப்பி அனுப்பிடுச்சு. விழாம நிக்குது பாருங்க."

நின்றது. கடைக்காரர் தன் கடைக்குப் போன் போட்டார். பில் ஓடிக்கொண்டே இருந்ததாம். அவர் படி இறங்கும்போது அடுத்த போனில் பேசியது காதில் விழுந்தது. "லைன் மாத்துறவங்களை வர வேணாம்னு சொல்லிடுப்பா."

மருமகள் இரண்டாவது சர்வரைத் திருத்த ஆரம்பித்திருந்தாள். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.