கண்ணாடி மேசையும் உருண்டை மவுஸும்

கற்பிட்டிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் கிளார்க்காக இருந்தார், கன்னம் ஒட்டிய அந்த மனிதர். காலையில் வந்ததும் பழைய மவுஸின் உருண்டையைக் கழற்றி, உள்ளே படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டுவார்.

கணினி திருத்தப் போன நான், ஒளியில் இயங்கும் புது மவுஸைக் கொடுத்தேன். மேசைக் கண்ணாடியில் அது வேலை செய்யவில்லை. உருண்டை உரசி ஓடும். ஒளிக்குக் கண்ணாடி தெரியாது.

"கண்ணாடிக்கு மேல, மவுஸ் ஓட ஒரு மட்டை போடுங்க நானா."

"கீழ என்ட மகன் இருக்கான் தம்பி. மறைக்க ஏலாது."

கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் படம் கண்ணாடிக்கடியில் இருந்தது.

அடுத்த முறை போனபோது உருண்டை மவுஸ் பழுதாகியிருந்தது. புதியதைத் தொடையில் வைத்து, உடுத்திருந்த சாரத்தின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன மட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.