அந்தோனியாருக்குக் கொண்டுபோன பொதி

குருநகர்ச் சந்தையில் மீன் விற்கும் எமிலியானாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனம் வெள்ளை. கஷ்டம் எது வந்தாலும் அதைத் துணியில் முடிந்து, கடற்கரை அந்தோனியார் கோயிலில் அவருடைய சுருவச் சிலையின் அடியில் வைத்துவிட்டு வருவாள். மீன் படாத மாதத்தில் வலைத்துண்டு போனது. கணவர் யாகோப்பு நெஞ்சுவலியில் கிடந்தபோது எக்ஸ்ரே படம் போனது. யாகோப்பு தப்பவில்லை. அதற்காக அவள் அந்தோனியாரோடு கோபித்துக்கொண்டதுமில்லை.

மிஞ்சியது ஒரே மகன், ஜெனிஸ்ரன். கடலுக்குப் போன பிள்ளை போதைத் தூளுக்குப் போனான், பிறகு ஊசிக்குப் போனான். போன வருஷம் பிடிபட்டபோது நீதவான் சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, இன்னொரு வழக்கு வந்தால் உள்ளேதான் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தெரு லெனாட் அப்படித்தான் உள்ளே போனவன். மூன்றாம் மாதம் சவப்பெட்டியில் வந்தான். அன்றிலிருந்து எமிலியானாவுக்கு ஒரே பயம். இவன் சிறைக்குப் போகக்கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் இறங்குதுறைப் பக்கம் போயிருந்த நேரம், அவனுடைய பாயைச் சுருட்டும்போது தலையணைக்குள் அகப்பட்டன: இரண்டு ஊசி, அடி கருகிய கரண்டி, சிகரெட் பெட்டி ஈயத்தாள். கடல் பத்து எட்டுத் தூரத்தில் கிடந்தது. வேறு யாராவது என்றால் வீசியெறிந்துவிட்டு அடுப்பைப் பார்த்திருப்பார்கள். இந்த மனுசிக்கு அந்தப் புத்தி வரவில்லை. எல்லாவற்றையும் லேஞ்சித் துணியில் கட்டி, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

சந்தியில் பொலிஸார் போவோர் வருவோரின் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி முடிச்சை அவிழ்த்தாள். எமிலியானா பதறவில்லை.

"தூள் ஒண்டும் இல்லைப் பிள்ளை. வெறும் ஊசிதானே."

"தூள் பாவிக்கிற சாமானை வைச்சிருக்கிறதும் குற்றம்தான் அம்மா. ஆரின்ரை உது?"

அப்போதுதான் அவளுக்கு நீதவான் சொன்ன அந்த இன்னொரு வழக்கு ஞாபகம் வந்தது.

"என்ரை."

"நீங்களோ ஊசி போடுறனீங்கள்?"

"ஓம்."

பெண் பொலிஸ் அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டியிருந்தது, ஊசி குத்திய அடையாளம் எதுவுமில்லை. யாரைக் காப்பாற்றுகிறாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெனிஸ்ரனையும் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பொறுப்பதிகாரி பொதியை மேசையில் விரித்தார்.

"சாமான் தன்ரையாம் எண்டு கொம்மா சொல்லுறா. உண்மையோ?"

ஓம் என்று சொல்லடா என்று எமிலியானா கண்ணால் கெஞ்சினாள். அந்த ஒரு சொல் போதும், அவன் தப்பிவிடுவான். ஆனால் அவனுக்கு ஒரு சொல் போதவில்லை.

"ஓம் சேர். உவ கனநாளாய்ப் போடுறா. எனக்குப் பழக்கினதும் உவதான். நான் இப்ப விட்டிட்டன்."

அறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்ட பெண் பொலிஸ், ஏதோ அழுகலைத் தொட்டுவிட்டவள் மாதிரிக் கையை மேசைத் துணியில் துடைத்தாள். பெற்ற பிள்ளைக்கு நஞ்சு பழக்கியவள் என்று நாளைக்குச் சந்தை முழுக்கக் கதைக்கும். இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் உள்ளே.

"மகன் சொல்லுறது சரியோ?" பொறுப்பதிகாரி பேனையைத் திறந்தார்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்," என்றாள்.

அவனைப் போகலாம் என்றார்கள். வாசல்வரை போனவன் திரும்பி வந்து கையை நீட்டினான்.

"வீட்டுத் திறப்பைத் தாங்கோ."