அந்தோணியின் காலில் ஒரு வெள்ளை வளையம்

போன வாரம் எனக்கு ஒருவர் மேல் பொறாமை வந்தது. அவர் ஒரு புற்றுநோயாளி!

அந்தோணியும் நானும் துறைமுக கஸ்டம்ஸில் ஒன்றாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அவர் மூட்டையைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். ஊரே கும்பிடும். நான் ஒரு மூட்டையில் கடத்தல் சரக்கைக் கண்டால், அதே முத்திரை மார்க் போட்ட அத்தனை மூட்டைகளையும் நிறுத்திவைப்பேன். விதி அதுதானே? ஊரே திட்டும். பிரமோஷன் யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள்...

போன வருஷம் அவர் குதிகாலிலிருந்து ஒரு கறுப்புக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். தோல் புற்றுநோய். இப்போது கெண்டைக்காலில் இன்னொன்று. இனி பிழைப்பது கஷ்டம் என்று பேச்சு. பார்க்கப் போனேன்.

அவர் மனைவி மரியம்மா வாசலிலேயே அழுதார். "அண்ணாச்சி, கட்டியச் சுத்தி வெள்ளை விழுந்துட்டு. வெண்குஷ்டம்னு ஊருல பேசுனா எங்க சின்ன மகள யாரு கட்டுவா?"

உயிரைக் குடிக்க வந்த கறுப்பு பெரிதில்லை, வெள்ளைதான் கவலை! களிம்பைத் தடவி, வேட்டியை இறக்கிக் கட்டி, டாக்டரிடமே மறைத்திருக்கிறார்கள்.

"கிளம்பும்வே!" என்று அந்தோணியை அதட்டி, அன்றே இழுத்துப்போனேன்.

டாக்டர் வளையத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது!

"இது நல்லதுதான் சார். புற்று செல் மேல ஆன்டிஜென்னு ஒண்ணு இருக்கும், மார்க் மாதிரி. ரத்தத்துல உள்ள வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு அடிக்குது. தோலுக்கு நிறம் கொடுக்கிற நல்ல செல்லுலயும் அதே மார்க் இருக்கும்போல. அதுவும் சேர்ந்து அடி வாங்குது. அதான் வெள்ளை."

கட்டியை அளந்தார். "சுருங்கியிருக்கு. முழுசா தப்பிச்சாச்சுன்னு இப்பவே சொல்லமாட்டேன். ஆனா நம்பிக்கை இருக்கு."

மரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கோ வயிறு எரிந்தது. அதே மார்க்கா? எல்லாவற்றையும் நிறுத்து! சர்வீஸ் முழுக்க நான் கத்திய விதி – அவர் ரத்தத்தில்!

அந்தோணி என் தோளைத் தட்டினார். "பாரும்வே, உம்ம மாதிரி ஒரு ஆளு எனக்குள்ளயே டூட்டி பாக்கான். நல்லவேள, அவன் எங்கிட்ட பெர்மிஷன் கேக்கல. 'விட்டுருலே'ன்னு சொல்லியிருப்பேன்!"

வீட்டுக்கு வந்து என் இரண்டு கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மச்சம்கூட இல்லை.

எதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!